தென்சேரிக் கொம்பு முறிந்த அன்று

"நீங்கள் படம் எடுத்தீர்களாமே, உண்மையா?" என்று கேட்டுக்கொண்டு யாராவது வாசலில் வந்து நின்றால் எனக்கு இப்போதெல்லாம் அலுத்துப்போகிறது. உண்மை என்றால் நம்பமாட்டார்கள். பொய் என்றால் சந்தோஷமாகத் திரும்பிப் போவார்கள். பொய் என்றே சொல்லிப் பலரை அனுப்பியிருக்கிறேன், தேத்தண்ணீர் ஆறுமுன் குடிக்கவாவது முடியுமே என்று. ஆனால் போன கிழமை ஒருவர் வந்தார், படித்த மனுசன். "நீங்க நடிச்சது சரி. டைரக்ட் பண்ணினதும் நீங்களெண்டு ஒரு கதை உலாவுது. அத ஆரு கட்டிவிட்டது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். கட்டிவிட்டதாம்! வந்த ஆத்திரத்தில் அவருக்கு வெற்றிலைத் தட்டம்கூட வைக்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஒருதரம் எழுதிவிட்டால், இனி வருகிறவர் கையில் இதைக் கொடுத்துவிட்டு நான் சாய்ந்துகொள்ளலாம்.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற மண்ணில், களுதாவளைக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை தன் உடுப்பு மூட்டையோடு வந்து பெண் வீட்டில் இருப்பார். இதையெல்லாம் எழுதவேண்டுமா என்று ஊரார் கேட்பார்கள். எழுதத்தான் வேண்டும். மதராஸில் இது ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்காமல்தான் இத்தனையும் நடந்தது.

மட்டக்களப்புப் பட்டணத்தில் கொட்டகை போட வந்த ஒரு நாடகக் கம்பெனியின் ஆர்மோனியக்காரரை நான் விரும்பிக் கலியாணம் முடித்தேன். அவர் எங்கள் வீட்டில் இருக்கமாட்டேன் என்றார். மாமியார் வீட்டுச் சோறு ஆண்பிள்ளைக்கு அழகில்லையாம். நான் அவரோடு மதராஸுக்குப் புறப்பட்டேன். அப்பா அப்போது உயிரோடு இல்லை. அம்மா வேலிப் படலையடியில் நின்று, "போற எண்டாப் போ. வீடு இஞ்சதான் கிடக்கும். அது ஒரு இடமும் எழும்பிப் போகாது" என்றார். அழவில்லை. எனக்கு அது கோபமாக இருந்தது, ஒரு சொட்டுக் கண்ணீராவது விட்டிருக்கலாம் என்று.

சில வருடங்களில் அவர் இன்னொருத்தியைக் கூட்டிவந்தார். என் தகரப் பெட்டி தெருவுக்கு வந்தது, பின்னால் நானும் வந்தேன். அவருடைய வீடு, அவருடைய கதவு, நான் என்ன பேச? கதவைச் சாத்தும்போது அவர் சத்தம்கூடப் போடவில்லை, காற்றுக்குச் சாத்துவதுபோல மெதுவாகச் சாத்தினார். அன்றைக்கு மழைகூடப் பெய்யவில்லை. பெய்திருந்தால் அப்போதே சினிமாவாகியிருக்கும்.

பேசாப் படங்களில் நடித்தேன். கூட்டத்தில் ஒருத்தியாக, பிறகு தோழியாக, பிறகு கதாநாயகியாக. படங்கள் பேச ஆரம்பித்தபோது என் இலங்கைத் தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள். ஓய்வு நேரத்தில் நான் போய் உட்கார்ந்த இடம் பிலிம் வெட்டி ஒட்டுகிற அறை. அங்கே யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அழுகிற முகத்துக்குப் பின்னால் எதை ஒட்டினால் சனம் அழும், எதை ஒட்டினால் கொட்டாவி விடும் என்று அங்கேதான் கண்டேன். டைரக்டர்மார் எடுத்துக் குவித்த குப்பையை நாங்கள் கூட்டிப் பெருக்கிப் படமாக்கிக் கொடுப்போம். படத்தின் தொடக்கத்தில் காட்டுகிற கார்டில் அவர்கள் பெயர் வரும். ஒருநாள் அலுத்துப்போய் ஸ்டூடியோ முதலாளியிடம் நேரே போய் நின்றேன். ஒரு படத்தை நானே எடுக்கிறேன் என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு நான் கொம்பு விளையாட்டைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

மழை பொய்த்தாலோ ஊரில் நோய் வந்தாலோ கண்ணகை அம்மனை நினைத்து எங்கள் பக்கத்தில் விளையாடுகிற விளையாட்டு அது. ஊர் இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். எந்தச் சேரி என்பது பிறப்போடு வருகிறது, மாற்றமுடியாது. இரண்டு பக்கமும் வளைந்த மரத்தில் ஒவ்வொரு கொம்பு செய்து, இரண்டையும் ஒன்றோடொன்று கொளுவி, வடம் கட்டி இழுப்பார்கள். எவர் கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றார்கள். வென்றவர்கள் தோற்றவர் வீட்டு வாசல்களுக்குப் போய் வசை பாடுவார்கள். புருஷன் ஒரு சேரி, பெண்சாதி மற்றச் சேரி என்றால் அந்த நாட்களில் ஒரு வீட்டில் இருப்பது கஷ்டம். என் அப்பா வடசேரி, அம்மா தென்சேரி. கொம்பு தொடங்கினால் அப்பா பாயைச் சுருட்டிக்கொண்டு தன் தாய் வீட்டுக்குப் போய்விடுவார்.

"ஊரே வந்து இழுக்குமா? நாம கூப்பிட்டா வருவாங்களா?" என்றார் முதலாளி.

"வருவார்கள்."

"அப்ப சரி, கேட்டுக்கோ. நான் கொடுக்கிற பிலிமுக்குள்ள, நான் ஒத்துக்கிட்ட கதையோட படத்தை முடிச்சுக் கொண்டா. டைரக்ஷன்னு உன் பேரைப் போடுறேன். கதையில கை வச்சே, என் மச்சான் பேருதான் வரும்."

மச்சான் என்றால் அவர் பெண்சாதியின் தம்பி. நாள் முழுக்க நாற்காலியில் இருந்து வேர்க்கடலை கொறிக்கிற மனுசன்.

அந்த இடத்தில் ஒரு பெண்ணின் பெயர் வந்து அதுவரை நான் பார்த்ததில்லை. எனக்கு அது வேண்டும் என்று இருந்தது. பசிபோல இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். பெட்டியோடு தெருவில் நின்றவளுக்குத் தன் பெயரை ஒரு துண்டு அட்டையிலாவது பார்க்க ஆசை இருக்காதா? கதையையும் மதராஸுக்குப் பிடிக்கிறமாதிரியே எழுதிக் கொடுத்தேன். புருஷன் வடசேரி, பெண்சாதி தென்சேரி. வடசேரிக் கொம்பு முறிகிறது. அவமானம் தாங்காமல் அவன் பெண்சாதியை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அவள் ஊரெல்லாம் அலைந்து கடைசியில் அவன் காலிலேயே வந்து விழுகிறாள். கதாநாயகி நானே. வேறொருத்தியைக் கூட்டிப்போக முதலாளிக்கு மனமில்லை.

கப்பல் ஏறி, ரயில் ஏறி, மட்டக்களப்பில் வந்து இறங்கினோம். நான், வடக்கே இருந்து வந்த ஒரு கமராக்காரர், கதாநாயகன். பேச்சும் பாட்டும் பிறகு ஸ்டூடியோவில் சேர்ப்பதாக ஏற்பாடு, அதனால் சத்தம் பிடிக்க ஆள் வரவில்லை. கமராக்காரருக்குத் தமிழ் அரைகுறை, கை மட்டும் தங்கம். கதாநாயகன் மதராஸ் மேடையில் பாட்டுப் பாடிப் பெயரெடுத்தவர். வாவியில் தோணி ஏறும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சாமி பெயரைச் சொன்னவர். மூன்று பேரும் அம்மாவின் வீட்டில்தான் தங்கினோம். படத்தில் வருகிற வீடும் அதுதான்.

அம்மாவுக்குக் கதையைச் சொன்னேன். குரக்கன் மா அரித்துக்கொண்டிருந்தவர் அரிதட்டை நிறுத்தினார்.

"ஆருட வீட்டால ஆரு ஆரத் துரத்துற?"

"புருஷன் பெண்சாதிய, அம்மா."

"வீடு அவனுடையதா?"

"கதைக்கு அப்படி."

"நல்ல கதை" என்றுவிட்டு அம்மா அரிக்கத் தொடங்கினார்.

அந்த வருடம் மழை பிந்தியிருந்தது, வயல் வட்டைகள் வெடித்துக் கிடந்தன, எப்படியும் கொம்பு விளையாடத்தான் போகிறார்கள். கோயிலில் பூசை செய்கிற கட்டாடியார் எங்களுக்கு ஒரு வழி சொன்னார். அம்மனுக்கான விளையாட்டு பிறகு முறைப்படி நடக்கும், அதற்குமுன் கோயிலுக்கு வெளியே வெட்டைத் திடலில் படத்துக்கென்று சும்மா ஒன்று இழுக்கலாம், குற்றமில்லை என்றார். நல்லது. ஆனால் சும்மா இழுக்கிறதிலும் வடசேரி தோற்கவேண்டுமே! வடசேரிக்குத் தலைமை என் பெரியப்பா, அப்பாவின் மூத்தவர். தென்சேரிக்குத் தலைமை அம்மாவின் அண்ணன், என் மாமா. இருவரும் மச்சான் மச்சான் என்று ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள், கொம்பு வந்தால் முகம் பாராதவர்கள்.

பெரியப்பாவிடம் போனேன். கேட்டதும் மனுசனுக்குக் கண் சிவந்துவிட்டது.

"தோக்கிறதா? என்ன பறையிறாய் நீ? தலையில ஏதும் அடிபட்டதா?"

"படத்துக்குத்தானே பெரியப்பா. சும்மா."

"சும்மா எண்டாலும் தோல்வி தோல்விதான் மனே. நாளைக்கு உன்ர மாமன் என்ர முகத்தப் பாத்துச் சிரிப்பான். அதுவும் சும்மாவா?"

எங்கள் பக்கத்தில் பிள்ளையை 'மனே' என்றுதான் அழைப்பார்கள், அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் அழுதுவிட்டேன். நடிப்பில்லை. மதராஸில் அடைத்துவைத்திருந்த அழுகை எல்லாம் வந்தது. பெரியப்பாவுக்கு என் அப்பாவின் நினைவு வந்திருக்கவேண்டும். வெகுநேரம் சுருட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். கடைசியில், "சரி, முள்முருக்கு மரத்தில ஒண்டு செய்து தாறன். பாக்க வைரம் மாதிரி இருக்கும், இழுத்தா பொட்டெண்டு போயிரும். ஒருத்தருக்கும் வாய் திறக்காத" என்றார்.

நான் வாய் திறக்கவில்லை. ஆனாலும் அடுத்தநாள் கிணற்றடியில் பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஊருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்கு அப்போதே விளங்கியிருக்கவேண்டும்.

இதற்கிடையில் வாவிக்காற்று தன் வேலையைச் செய்தது. வீட்டுக் காட்சிகளை எடுத்ததுபோக மிஞ்சிய பிலிமில் பெரும்பாதி ஈரம் பிடித்துப் பழுதாகிவிட்டது. கமராக்காரர் கறுப்புப் பைக்குள் இரு கைகளையும் விட்டுத் தடவித் தடவிப் பார்த்து, முகம் செத்துப்போய்ச் சொன்னார்: "அம்மா, ஒரே டப்பா. நல்லது ஒரே டப்பா." அதாவது கொம்பு ஒருதரம்தான் முறியலாம். தவறினால் திரும்ப எடுக்க வழியில்லை.

வெயில் சாயத் தொடங்கிய நேரம். வெட்டையில் இந்தத் தொங்கலில் இருந்து அந்தத் தொங்கல் வரை சனம். காத்தான்குடிச் சாரன்களைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் சால்வை இறுக்கி, ஆண்கள் வடத்தைப் பிடித்தார்கள். கதாநாயகனை வடசேரிப் பக்கம் நிறுத்தினேன். உள்ளங்கைத் தோல் போய்விடும் என்று முனகினார். நான் கதாநாயகியின் கொய்யகம் மடித்துக் கட்டிய சேலையோடு கமராவுக்குப் பக்கத்தில் நின்று கையைத் தூக்கினேன். கமராக்காரர் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினார்.

இழுத்தார்கள். சும்மா இழுக்கிறவர்கள் மாதிரி இல்லை. நரம்பு புடைக்க, குதிகால் மண்ணுக்குள் புதைய இழுத்தார்கள். பொட்டென்று ஒரு சத்தம். முறிந்துவிட்டது! கடவுளே, நான் நினைத்தபடியே வந்துவிட்டது என்று எனக்குக் கண் கலங்கியது. கார்டில் என் பெயரை அந்தக் கணத்திலேயே கண்டுவிட்டேன்.

பிறகுதான் பெரியப்பாவைப் பார்த்தேன். மனுசன் ஆகாயத்தில் குதித்துக்கொண்டிருந்தார். கையில் அவருடைய முருக்குக் கொம்பு முழுசாக இருந்தது. அந்தப் பக்கம் மாமா, இரண்டாய்ப் போன தென்சேரிக் கொம்பை வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார்.

ஓடிப்போய் மாமாவின் கையைப் பிடித்தேன். "என்ன மாமா செய்தீங்க?"

"நான் என்ன மனே செய்ய? மச்சான் முருக்கில செய்றான் எண்டு கேள்விப்பட்டன். முருக்கக் கொம்ப முறிச்சு வெண்டவன் எண்டு ஊர் என்னப் பாத்துச் சிரிக்கோணுமா? பிச்சையா வாற வெற்றி எனக்கு வேண்டாம். அதான் நானும் முருங்கையில ஒண்டு செய்தன்."

முருங்கையில்! குழந்தை தொங்கினாலே முறிகிற மரம். இருவரும் மானஸ்தர்கள். ஒருவர் எனக்காகத் தோற்க நினைத்தார், மற்றவர் தோற்க நினைப்பவனை வெல்ல மறுத்தார். நடுவில் என் படம் நாசமாய்ப் போனது. தலையில் கைவைத்துக்கொண்டு மண்ணில் இருந்துவிட்டேன்.

வடசேரியாரோ இது படம் என்பதை ஒரேயடியாக மறந்துபோனார்கள். தோற்கத்தானே வந்தோம் என்ற நினைப்பு ஒருவருக்காவது இருக்கவேண்டுமே, இல்லை. பெரியப்பாவைத் தூக்கினார்கள், கதாநாயகனையும் தோளில் தூக்கினார்கள், பாட்டுக் கட்டிக்கொண்டு தென்சேரி வீடுகளுக்கு வசை பாடப் புறப்பட்டுவிட்டார்கள். தோளில் இருந்த கதாநாயகனுக்குத் தலைகால் தெரியவில்லை. மதராஸில் அவரை யாரும் அப்படித் தூக்கியதில்லை. சொல்லிக்கொடுத்த வசையை அவரும் ராகம் போட்டுப் பாட ஆரம்பித்தார்.

கமராக்காரர் என் பக்கத்தில் வந்து குனிந்தார். "அம்மா, டப்பாவில கொஞ்சம் இருக்கு. கொஞ்சம்."

கூட்டம் முதலில் மாமா வீட்டு வாசலில் நின்றது. அடுத்தது எங்கள் வீடு. அது எனக்குத் தெரியும். நான் எழும்பினேன். "தூக்குங்க கமராவ" என்றேன். அவரை முன்பக்கம் மாமரத்தடிக்கு அனுப்பிவிட்டு, நான் வேலியால் புகுந்து கொல்லைப் பக்கமாக வீட்டுக்குள் ஓடினேன்.

அம்மா நடுவீட்டில் நின்றார். பாட்டுச் சத்தம் கிட்ட வரவர அவர் முகம் கடுகடுத்துக்கொண்டு போனது. தென்சேரி தோற்றதை அதற்குள் யாரோ சொல்லிவிட்டார்கள். நான் வாசற்படியில் போய் நின்றேன். எங்கள் கதவு இரட்டைக் கதவு, முதிரை மரப் பலகை, அம்மாவுக்கு அவர் தாய் கொடுத்த வீட்டோடு வந்தது. கூட்டம் முற்றத்துக்குள் வந்தது. கதாநாயகன் தோளில் இருந்தபடியே என்னைப் பார்த்துக் கையை நீட்டி, தோற்றவள் வீட்டில் அடுப்பெரியுமா என்று பாடினார். சிரித்தார். வாயெல்லாம் பல்.

என் உடம்பு பற்றி எரிந்தது. எவருடைய வீட்டு வாசலில் வந்து எவர் சிரிக்கிறது? அந்த முகத்தில் நான் ஆர்மோனியக்காரரைக் கண்டேன். முதலாளி, கதை, கார்டு எல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஒரு கதவைப் பிடித்து இழுத்தேன். மற்றக் கதவை இழுக்கப் பின்னாலிருந்து ஒரு கை வந்தது. வெள்ளிக் காப்புப் போட்ட கறுத்த கை.

"பூட்டு மனே!" என்றார் அம்மா.

பூட்டினோம். அம்மாவே தாழ்ப்பாளைப் போட்டார். வெளியே பாட்டு நின்று, சற்று நேரத்தில் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "அம்மா, அம்மா, என் பெட்டி உள்ளே இருக்கு! துணி மாத்தணும்!" கதாநாயகன்தான். அம்மாவும் நானும் இருட்டுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, வயிறு நோகச் சிரித்தோம். நான் வீட்டைவிட்டுப் போனபிறகு அம்மாவோடு சிரித்தது அதுதான் முதல்தடவை. கமராக்காரர் மாமரத்தடியில் நின்று பிலிம் தீரும்வரை எடுத்துவிட்டார்.

மதராஸுக்குத் திரும்பி, அறையைப் பூட்டிக்கொண்டு நானே வெட்டி ஒட்டினேன். பழைய கதையைத் தூக்கி எறிந்தேன். வென்ற புருஷன் ஊரைக் கூட்டிக்கொண்டு பெண்சாதியின் வாசலுக்கு வசை பாட வருகிறான், அவள் கதவைப் பூட்டுகிறாள். பூட்டின கதவோடு படம் முடிகிறது. ஒட்டி முடித்தபோது, வாழ்க்கையில் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தேன் என்று எனக்கு இருந்தது. அதற்குமுன்னும் பின்னும் அப்படி இருந்ததில்லை.

முதலாளி பார்த்தார். விளக்கைப் போடச் சொன்னார்.

"ஏம்மா, பொம்பளை புருஷனை வெளியே நிறுத்திக் கதவை அடைக்கிறாளே. வீடு யாரோடது?"

"அவளுடையது."

"புருஷன் வீடு எங்கே?"

"அவனுக்கு வீடு இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு."

"உங்க பக்கத்துல எத்தனை சினிமாக் கொட்டகை இருக்கு?" என்று கேட்டார். "இங்கே தாய்மாருங்க பார்க்கவேண்டிய படம் இது. நாளைக்கு என் வீட்டிலேயே எவளாவது கதவைச் சாத்தினா? கதையில கை வைக்காதேன்னு சொன்னேனா இல்லையா?"

சொல்லியிருந்தார். ஆனாலும் கெஞ்சினேன். என் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள், கதவைப் பூட்டினபடி விட்டுவிடுங்கள் என்றேன். இரண்டையுமே எடுத்துக்கொண்டார். மச்சான் வேர்க்கடலையை வைத்துவிட்டு எழும்பி வந்து, ஸ்டூடியோவுக்குள் ஒரு கதவும் திண்ணையும் போட்டார். கதவு திறக்கிறது, பெண்சாதி ஓடிவந்து புருஷன் காலில் விழுகிறாள். நான் விழமாட்டேன் என்றேன். விழுவதற்கு ஆளா இல்லை? என் சேலையைப்போல ஒன்றை உடுத்திக்கொண்டு, முதுகைக் காட்டியபடி வேறொருத்தி விழுந்தாள்.

அதற்குப்பிறகும் நான் மதராஸில் இருந்தேன். மற்றவர்களின் படங்களை வெட்டி ஒட்டினேன். இன்னொரு படம் எடுக்கிறேன் என்று யாரிடமும் போய்க் கேட்கவில்லை. கேட்பதற்கு முதுகெலும்பு வேண்டும், எனக்கு அது தேய்ந்துவிட்டிருந்தது. யுத்தம் வந்தது. குண்டு விழும் என்று மதராஸே மூட்டை கட்டியபோது நானும் அதே தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். அம்மா படலையைத் திறந்தார். "வந்திட்டியா. கை காலக் கழுவிட்டு வா, சோறு ஆறுது" என்றார்.

ஊரில் சும்மா இருந்து சலித்துப்போன ஒரு நாளில்தான் அந்தப் படம் மட்டக்களப்புக்கு வந்தது. பட்டணத்தில் காத்தான்குடி வியாபாரி ஒருவர் கிடுகுக் கொட்டகை ஒன்று நடத்திவந்தார். இருட்டடிப்புச் சட்டத்தால் இரவில் விளக்குப் போட ஏலாது, அதனால் பகலிலேயே கறுப்புத் துணியைக் கட்டி ஓட்டினார். நம்முடைய ஊர்க் கொம்பு திரையில் வருகிறது என்று அவர் பறை அடித்துச் சொன்னதும் சனம் சாடி விழுந்தது. தன்னாமுனையில் இருந்து மாட்டுக் கரத்தையில் வந்தார்கள், கதிரவெளியில் இருந்தும் வந்தார்கள். நான் வரவில்லை என்றேன். எனக்கு என்ன பார்க்க இருக்கிறது? அம்மா விடவில்லை, கதவைப் பூட்டி, துறப்பை, அதாவது சாவியை, மடியில் சொருகிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். அம்மா அதுவரை ஒரு படமும் பார்த்ததில்லை.

பெண்கள் பக்கத்தில் பாயில் இருந்தோம். முதலில் கார்டுகள் வந்தன. அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. "என்ன எழுதியிருக்கு?" என்றார்.

"எடுத்தவங்கட பேர்."

"உன்ர பேரா?"

"இல்லம்மா. வேற ஆள்."

அம்மா வெற்றிலையைக் கன்னத்துக் கொடுப்புக்குள் தள்ளிக்கொண்டார். இத்தனை வருடம் போனபிறகும் அந்தப் பெயரைக் கண்டதும் அப்படியே உடைந்துவிடுவேன் என்று நான் நினைக்கவில்லை.

கொம்பு வந்தது. கொட்டகையே எழும்பி நின்றது. ஆண்கள் பக்கத்தில் வடசேரியும் தென்சேரியும் திரும்பவும் சண்டைக்கு நின்றார்கள். "முருங்கையடா அது, முருங்கை!" என்று மாமா ஏழெட்டுத் தலைக்கு மேலால் கத்தினார். பெரியப்பா திரையில் குதித்தார், கீழேயும் குதித்தார். பிறகு கூட்டம் எங்கள் முற்றத்துக்குள் வந்தது. வாசலில் நான். கதாநாயகனின் பல்லெல்லாம் தெரிந்தது. ஒரு கதவு அசைந்தது. மற்றக் கதவுக்குக் கை வந்தது, வெள்ளிக் காப்போடு.

"என்ர கை!" என்றார் அம்மா. தன் கையைத் தூக்கிப் பார்த்தார். திரையைப் பார்த்தார். "புள்ளையள், அது என்ர கைதான்!"

பெண்கள் அத்தனைபேரும் கைதட்டினார்கள். யாரோ ஒருத்தி குரவை இட்டாள். கதவு பூட்டிக்கொண்டது. எங்கள் முதிரைக் கதவு, திரை நிறைய. அது நான் எடுத்தது. என் கண்ணில் இருந்து தண்ணீர் ஓடியது, துடைக்கவும் மனமில்லை.

அடுத்த கணம் கதவு திறந்தது. எங்கள் கதவல்ல, ஸ்டூடியோவில் வர்ணம் பூசின கதவு. ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு ஓடிவந்து விழுந்தாள்.

திரையை நோக்கி அம்மா கையை நீட்டினார்.

"ஆரு துறந்தது?" என்று அம்மா கேட்டார். மெதுவாக இல்லை, ஊர் கேட்கிற குரலில். "நான் பூட்டின கதவ ஆரு துறந்தது?"

"அதானே! இது ஆருட வாசல்?" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. "இது இவட வீடில்ல!" என்றாள் இன்னொருத்தி. அம்மா சேலையை உதறிக்கொண்டு எழும்பினார். பக்கத்துப் பெண்களும் எழும்பினார்கள். கொட்டகைக்காரர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். "இருங்ககா, இருங்ககா, இன்னும் படம் இரிக்கி!"

"இருக்கட்டும் தம்பி" என்றார் அம்மா. "அது ஆரோ எடுத்தது. என்ர மகள் எடுத்தது முடிஞ்சு போச்சு."

நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். அம்மா குனிந்து, அந்தக் கையாலேயே என் புயத்தைப் பிடித்தார்.

"எழும்பு மனே. நம்மட கதவு பூட்டினபடிதான் கிடக்கு. துறப்பு என்ர மடியில. வா, வீட்ட போவம்."

எழும்பினேன்.